மாதம் ஒருமுறை அண்ணன் முகம்

என் அண்ணி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. அம்மாவைக் கேட்டால், "மருமக வீட்டோடதான் இருக்கா" என்பாள். அண்ணனைக் கேட்டால் போனில் சிரித்துக்கொண்டே, "கம்ப்யூட்டர்ல ஏதோ நோண்டிட்டிருப்பா" என்பான். என்னைக் கேட்டால், "அண்ணனுக்கு ஒத்தாசை பண்றாங்க" என்று மழுப்புவேன். மூன்றும் பொய். எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு சொன்னதால் என்னுடையதுதான் பெரிய பொய்.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி கட்டடங்களுக்குக் கம்பி வரைபடம் போடுகிறவள். இந்தத் தூணுக்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு எந்தக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், எந்த இடத்தில் வளையவேண்டும், எத்தனை துண்டு வெட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாக வரைந்து அட்டவணை போடுவது அண்ணியின் வேலை. கம்பி கட்டுகிறவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கட்டுவார். கான்கிரீட் ஊற்றிய பிறகு ஒன்றும் வெளியே தெரியாது. அவள் வரைந்த ஆஸ்பத்திரி, இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு பஸ் டிப்போ, எண்ணிக்கை மறந்துபோன அடுக்குமாடிகள் எல்லாம் வேறொரு நாட்டில் நிற்கின்றன. அந்த நாட்டில் அவள் காலே வைத்ததில்லை.

அண்ணன் அங்கேதான் இருக்கிறான். அவனும் அதே படிப்புதான். இரண்டு பேரும் ஒரே கட்டடக் கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வரைந்து, அப்படியே கல்யாணம் வரை வந்தவர்கள். ஏஜென்ட் ஒருவர் வரைபட வேலை என்று சொல்லி அவனை விமானம் ஏற்றினார். போய் இறங்கியதும், உன் டிப்ளமோ இங்கே செல்லாது, உள்ளூர்ப் பரீட்சை எழுதிவிட்டு வா என்று கையை விரித்துவிட்டார்கள். பரீட்சை எழுதும்வரை சாப்பிட வேண்டுமே என்று ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் போனான். ஆறு வருஷமாக அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஆக, வரையத் தெரிந்து வெளிநாடு போனவன் அங்கே பெட்டி தூக்குகிறான். வாசலைத் தாண்டாத இவள் அந்த நாட்டுக்கு வரைந்து கொடுக்கிறாள். இதை நினைத்து நான் தலையில் அடித்துக்கொள்ளாத மாதம் கிடையாது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணிக்கு வேலை வருவது ஓர் இணையத் தளத்தின் வழியாக. யாரோ வேலையைப் போடுவார்கள், யாரோ எடுத்துச் செய்வார்கள், நட்சத்திரம் கொடுப்பார்கள். அந்தத் தளத்தில் உள்ள கணக்கு அண்ணன் பெயரில் இருக்கிறது. அவன் வெளிநாட்டு அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்த நாட்களில், குழந்தை பிறந்து அண்ணி வேலையை விட்டிருந்த சமயத்தில், வீட்டிலிருந்தே இரண்டு பேரும் வரையலாமே என்று திறந்தது. திறந்து கொடுத்தது நான். நான் ஒரு நோட்டரி வக்கீலின் ஆபீஸில் பத்திரம் டைப் அடிக்கிறவள். படிவம் நிரப்புவது என்றால் எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அடையாளத்துக்கு ஏதோ கேட்டது, அண்ணன் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அதை வைத்து முடித்துவிட்டேன். அவன் போன பிறகு அண்ணி தனியாக வரைய ஆரம்பித்தாள். பெயரை மாற்றலாமா என்று கேட்டதற்கு, மாற்ற முடியாது, புதிதாகத்தான் திறக்க வேண்டும் என்றது தளம். அதற்குள் நாற்பது வேலை முடிந்து ஐந்து நட்சத்திரம் வாங்கியாகிவிட்டது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

தளத்துக்கு ஒரு சந்தேகக் குணம் உண்டு. மாதம் ஒருமுறை, எந்த நாள் என்று சொல்லாமல், முகத்தைக் காட்டு என்று கேட்கும். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு. அது அண்ணன் முகமாக இருக்கவேண்டும். நாற்பது நிமிஷத்துக்குள் காட்டாவிட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும், பாதி வரைந்த வேலை உள்ளே மாட்டிக்கொள்ளும். எந்தப் போனிலிருந்து காட்டுகிறாய், எந்த நாட்டிலிருந்து காட்டுகிறாய் என்பதெல்லாம் அதற்கு அக்கறையில்லை. முகம் பொருந்தினால் போதும்.

ஆகவே மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் கூத்து. அண்ணி வரைந்துகொண்டிருப்பவள் திடீரென்று, "கேட்டுடுச்சு! கேட்டுடுச்சு!" என்று அலறுவாள். அண்ணனுக்குப் போன் போடுவாள். அவன் எடுக்க மாட்டான். எனக்குப் போடுவாள். நான் ஆபீஸில் ஒருவருடைய சொத்துப் பத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணனுக்குப் போட்டால் எடுத்துத் தொலைப்பான், ஏன் என்று கேட்காதீர்கள். அப்புறம் அவன் வண்டியை நிறுத்தி, மேலாளர் கண்ணில் படாமல் கழிப்பறைக்கு ஓடி, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டவேண்டும். ஒரு குளிர்காலத்தில் தாடி வேறு வளர்த்துவிட்டான். நீ யார் என்றே தெரியவில்லை என்றுவிட்டது தளம்.

"தாடிய எடுங்க!" என்று அண்ணி கத்தினாள். மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருந்ததால் ஆபீஸிலிருந்து நானும் சேர்ந்து, "தாடி, தாடி" என்று கத்தினேன்.

"வேலை நேரத்துல பிளேடுக்கு எங்கடி போவேன்?"

"இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருக்கு. யார்கிட்டயாவது கேளுங்க! படிக்கட்டு முழுக்க உள்ள மாட்டிட்டிருக்கு!"

கிடங்கில் அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியால், கை கழுவும் சோப்பைத் தடவி வழித்துக்கொண்டு, கன்னத்தில் இரண்டு கீறலோடு முகத்தைக் காட்டினான். தளம் ஏற்றுக்கொண்டது. அண்ணி உடனே படிக்கட்டை வரைய ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டுப் பார்த்தால் எங்கள் வக்கீல் சார் எதிரே நின்றுகொண்டிருக்கிறார். "யாரோட தாடிம்மா?" என்றார்.

சிரிக்கலாம். ஆனால் அண்ணன் மகளை நினைத்தால் சிரிப்பு வராது. அவன் கிளம்பும்போது எட்டு மாதக் குழந்தை. இப்போது ஏழு வயதை நெருங்குகிறாள். நடுவில் மூன்று முறை வந்துவிட்டுப் போனான். இரண்டாவது முறை விமான நிலையத்தில் அவன் நடந்து வந்ததும் அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "அத்தை, அப்பாவுக்குக் கால் இவ்ளோ நீளமா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த அப்பாவுக்கு நெஞ்சுக்குக் கீழே எதுவும் கிடையாது. கிடங்கு வேலைக்குக் கொடுக்கிற அனுமதியில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. தேர்ந்த தொழிலுக்கு என்று வேறோர் அனுமதி இருக்கிறது. அது கிடைத்தால் பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் போகலாம். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்றால் அந்தக் காகிதம் வேண்டும். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

அண்ணிக்கு வந்த வேலையில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தது. அங்கே வரைபடங்களைச் சரிபார்க்கிற ஒருவர் இருந்தார். தவறு இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பில் மேகம் மாதிரி ஒரு வளையம் போட்டு, அதற்குள் குறிப்பு எழுதி அனுப்புவார். வரைபடத் தொழிலில் அதுதான் வழக்கமாம். நாங்கள் அவருக்கு மேகக்காரர் என்று பெயர் வைத்தோம். அண்ணியும் விடமாட்டாள். "தவறு இல்லை, பிரிவு மூன்றைப் பாருங்கள்" என்று பதிலுக்கு ஒரு மேகம் போடுவாள். சில தாள்கள் இரண்டு பேருடைய மேகமுமாகச் சிவந்துபோய்க் கிடக்கும். "இந்த மனுஷனுக்குக் கண்ணு பின்னாடியா இருக்கு?" என்று திட்டிக்கொண்டே வரைவாள். ஆனால் அவர் லீவில் போய் வேறு யாராவது சரிபார்த்தால் அண்ணிக்குப் பிடிக்காது. "எல்லாத்துக்கும் சரின்னு போட்டிருக்கான், படிக்கவே இல்ல" என்று முகத்தைச் சுளிப்பாள்.

அந்த நிறுவனத்திலிருந்துதான் ஒரு நாள் கடிதம் வந்தது. 'அன்புள்ள ஐயா' என்று ஆரம்பித்து அண்ணன் பெயர். உங்களைப் போன்றவர்கள் இங்கே கிடைப்பதில்லை. அரசாங்கம் உங்கள் தொழிலைத் தேவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, உள்ளூர்ப் பரீட்சை இல்லாமல் அனுபவமே போதும். நிரந்தர வேலையும் தேர்ந்த தொழில் அனுமதியும் தருகிறோம், குடும்பத்தோடு வரலாம். ஒரு நேர்காணல், சின்ன வரைபடச் சோதனை, அவ்வளவுதான்.

அம்மா எதிர்வீடு, பக்கத்துவீடு, கீழ்வீடு எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். "எம் பையன் வரைஞ்சதப் பாத்து அவங்களே கூப்பிட்டிருக்காங்க!" அண்ணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதே சரி.

அன்று மாலை அண்ணன் திட்டத்தோடு போன் செய்தான். நேர்காணலுக்கு அவன் உட்காருவான். வேலை கிடைத்ததும் மனைவியையும் மகளையும் வரவழைத்துக்கொள்வான். அவன் ஆபீஸுக்குப் போய் நாற்காலியில் உட்காருவான், அண்ணி வீட்டிலிருந்தபடி அவன் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வரைவாள்.

"அண்ணா, நீ என்ன பேசறேன்னு உனக்கே புரியுதா?" என்றேன். "அண்ணி அவ்வளவு தூரம் வந்து உன் ரூமுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து உன் வேலைய செய்யணுமா?"

"இப்ப மட்டும் என்ன பண்றா? அதேதானே? கூடவே இருந்து பண்ணுவா. பாப்பா என்கூட இருப்பா."

"அண்ணி பேர்ல வரக்கூடாதா?"

"அவ பேர்ல என்ன இருக்கு? அவ வரைஞ்சான்னு ஒரு காகிதம் இருக்கா?"

கூட வரும் மனைவிக்கு அங்கே வேலை செய்ய உரிமை கிடையாது என்பதையும் நான்தான் படித்துச் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்தேயிருந்தது. அண்ணி நான் எதிர்பார்த்தபடி சண்டை போடவில்லை. "பாப்பாவுக்காகச் சரின்னு சொல்றேன்" என்றாள். எனக்கு அவள்மேலும் எரிச்சல் வந்தது. கம்பி இரண்டு அங்குலம் தள்ளிப்போனால் நான்கு நாள் சண்டை போடுகிறவள், இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறாள்?

நேர்காணல் அன்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டேன். ஏற்பாடு இப்படி. அண்ணன் அங்கே தன் அறையில் லேப்டாப்பின் முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த லேப்டாப்பை அண்ணி இங்கிருந்து ஒரு செயலி வழியாக இயக்குகிறாள், அங்கே நடப்பதைப் பார்க்கவும் கேட்கவும் முடியும். கேள்விக்குப் பதில் சொல்ல, அவன் காதில் ஒரு குட்டி இயர்போன், அதனோடு இணைந்த போன் என் கையில், அண்ணி வாய்க்கு நேராக. முத்திரை இல்லாத காகிதத்தை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். என் நிலைமையைப் பாருங்கள்.

மேகக்காரரை முதல் தடவையாகப் பார்த்தோம். வழுக்கைத் தலை, கம்பளிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அண்ணி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இவரா? நான் சின்ன வயசுன்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தாள்.

முதலில் சோதனை. இரண்டு பக்கமும் வரையக்கூடிய ஒரு பொதுத் திரையைத் திறந்து, ஒரு தூணும் இரண்டு உத்தரங்களும் சேரும் இடத்துக்குக் கம்பி வரையச் சொன்னார். அண்ணியின் கை மவுஸில் போனதும் அவள் வேறு ஆள். கோடுகள் மளமளவென்று விழுந்தன. நானே ஒரு நிமிஷம் மறந்துபோய் ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். அங்கே அண்ணன் இரண்டு கையாலும் காபிக் கோப்பையைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறான். திரையில் கோடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"கப்ப கீழ வெச்சு மவுஸப் பிடிங்க!" என்று அண்ணி போனில் சீறினாள். அவன் பதறிக் கோப்பையை வைத்து, மவுஸைப் பிடித்து, பிடித்த வேகத்தில் கோட்டை வேறு இழுத்து நாசம் செய்தான். மேகக்காரர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

பிறகு கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், மெதுவாக. அந்த ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி நினைவிருக்கிறதா? பொறியாளர் சொன்னபடி மூலையை வரைய முடியாது என்று நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். நான் மூன்று முறை மறுத்தும் விடவில்லை. கடைசியில் பொறியாளரே நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். அந்தக் காரணத்தை உங்கள் வாயால் கேட்க ஆசைப்படுகிறேன்.

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். பயம்தான், வேறென்ன. "பொறியாளர் படத்தில் கம்பி உள்மூலையை ஒட்டி வளைந்து போகவில்லை. நான் வளைத்து வரைந்தேன்" என்றான்.

"உள்மூலையை ஒட்டி வளைத்தீர்களா?"

"ஆமாம் சார். அதுதானே வழக்கம்."

"ஐயோ" என்றாள் அண்ணி. மெதுவாகத்தான் சொன்னாள்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு ஓர் அட்டைப்பெட்டியை வைத்து எனக்கு விளக்கினாள். தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் சுவர்களை வெளியே தள்ளும், மூலை விரியப் பார்க்கும். உள்மூலையில் வளைத்து விட்ட கம்பி அப்போது நிமிரப் பார்க்கும். நிமிரும்போது மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளிவிடும். அதனால் கம்பி மூலையைக் கடந்து நேராக அடுத்த சுவரின் வெளிப்பக்கம் வரை போய்ப் பிடித்து நிற்கவேண்டும். முதல் வருஷம் படிக்கிறவர்கள் செய்கிற தப்பு அது என்றாள்.

போனைப் பிடித்திருந்த என் கையை அவள் தள்ளினாள். மவுஸை எடுத்தாள். திரையில் ஒரு தொட்டி மூலையை வரைந்தாள், பத்து வினாடி ஆகியிருக்காது. கம்பி இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அடுத்த சுவருக்குள் போயின. பிறகு சிவப்பை எடுத்து ஒரு மேகம் போட்டாள். அதற்குள் எழுதினாள்: 'இவர் சொல்வது தவறு. அந்தத் தொட்டியை வரைந்தது நான்.'

அண்ணன் தன் திரையில் தானாக எழுத்து முளைப்பதைப் பார்த்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தான். மேகக்காரர் முன்னால் சாய்ந்து படித்தார். அவருடைய அம்புக்குறி உள்ளே வந்தது. அண்ணியின் மேகத்துக்குக் கீழே இன்னொரு மேகம் போட்டார். 'நீங்கள் யார்?'

அண்ணி தன் பெயரை எழுதினாள். முதலெழுத்தோடு முழுப் பெயர். ஆறு வருஷத்தில் ஒரு வரைபடத்தில் அவள் பெயர் விழுந்தது அதுதான் முதல் தடவை. அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அதே சமயம், போச்சு, எல்லாம் போச்சு என்றும் உள்ளே அடித்துக்கொண்டது.

போகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் தளத்திலிருந்து அறிவிப்பு. வேறொருவர் உங்கள் கணக்கைப் பயன்படுத்தியிருக்கிறார், உங்கள் பாதுகாப்புக்காக மூடுகிறோம். யாருடைய பாதுகாப்புக்கு? ஆறு வருஷத்து வேலை, அத்தனை நட்சத்திரம், அத்தனை பேர் எழுதிய பாராட்டு, ஒரு பொத்தானில் காணாமல் போனது. முறையிட எண் இருந்தது. அழைத்தால் ஓர் இயந்திரக் குரல், கணக்கின் உரிமையாளர் முகத்தைக் காட்டவும் என்றது. போனைச் சுவரில் அடிக்காமல் விட்டதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மா அண்ணியோடு பேச்சை நிறுத்தினாள். "புருஷன் வாய்ல வந்த சோத்த தட்டிவிட்டுட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் நான்கு நாள் போன் செய்யவில்லை. ஐந்தாம் நாள் செய்தான். திட்டப்போகிறான் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அண்ணி போனை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டாள்.

"ஏன் ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல?" என்றான்.

"அந்தத் தொட்டி நிறைய ஆஸ்பத்திரிக்குத் தண்ணி இருக்குங்க. அத நான் தப்பா வரைஞ்சேன்னு அவர் நினைக்கக் கூடாது."

அப்புறம் அவன் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடி. அந்த வேலை கெடச்சிருந்தாலும் நான் அங்க என்ன பண்ணியிருப்பேன்? தினமும் அதே பயம்தான். பெட்டி தூக்கித் தூக்கி எல்லாம் போயிடுச்சு."

அம்மா அதைக் கேட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. அவனை ஏற்றிவிட்ட ஏஜென்டையும் செல்லாது என்று சொன்னவர்களையும்தான் திட்டினேன், வாய் வலிக்கிற அளவுக்கு.

பத்து நாள் கழித்து மேகக்காரர் எழுதினார். இந்த முறை அண்ணி பெயருக்கு. தளத்துக்குத் தகவல் கொடுத்தது எங்கள் நிறுவனம்தான், தெரிந்துகொண்டே மறைக்க முடியாது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். அடுத்தது: உங்களை வேலைக்கு எடுக்க விரும்புகிறோம். அனுமதிக்கு அனுபவச் சான்று கேட்பார்கள். அந்த வரைபடங்களை வரைந்தது நீங்கள்தான் என்று நான் எழுதித் தருகிறேன், ஆறு வருஷம் என்னோடு சண்டை போட்டவரை எனக்குத் தெரியாதா? ஆனால் வாய்வார்த்தை போதாது என்கிறது எங்கள் சட்டப் பிரிவு. கணக்கைத் திறந்து கொடுத்தவர் நடந்ததைச் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் தரவேண்டும்.

கணக்கைத் திறந்து கொடுத்தவர். அதாவது நான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. நாலு நாள் நான் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் விவரம் கொடுத்தவள் என்று நானே அடித்து, நானே கையெழுத்துப் போட்டு, நான் வேலை பார்க்கிற நோட்டரியிடமே முத்திரைக்கு நீட்டவேண்டும். ஐந்தாம் நாள் சாரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, இது வெளிய தெரிஞ்சா இந்த ஆபீஸ்ல அடிக்கிற பத்திரத்த எவன் நம்புவான்?"

"தெரியும் சார்."

"என்ன தெரியும்? பன்னெண்டு வருஷமா இங்க உக்காந்து இதத்தான் கத்துக்கிட்டியா?" பேனாவை மேஜைமேல் போட்டார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார். "எழுதறதுன்னா முழுசா எழுது. பாதி எழுதிட்டு வந்தேன்னா சீல் வைக்க மாட்டேன். உன் வேலையப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அந்தப் பத்திரம் போய், மேகக்காரரின் கடிதம் வந்து, அண்ணி பெயரில் மனுவும் போட்டாயிற்று. கணவர், மகள் இரண்டு பேரும் அவளோடு இருக்கலாம் என்று மனுவில் ஒரு கட்டம் இருந்தது. அதை நான்தான் நிரப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. என் வேலையைப் பற்றி சாரும் இன்னும் பேசவில்லை. ஆனால் நான் சொல்லவந்தது பத்திரம் அடித்த அந்தக் காலையைப் பற்றி.

அண்ணி ஆபீஸுக்கு வந்து, மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அடித்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் அடித்திருந்தேன். அவள் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் வரி வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"அடையாளத்துக்கு அண்ணன் பாஸ்போர்ட் கைக்கு வந்ததுன்னு எழுதியிருக்க."

"ஆமா அண்ணி."

"என்னோடதும் அதே டிராயர்லதான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு."

நான் தாளை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன்.

"நீ ரெண்டையும் கைல எடுத்த. என்னோடத உள்ள வெச்சிட்டு டிராயர மூடின. அப்ப நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரு நாளும் மறக்கவில்லை. உங்களிடம்கூட, பாஸ்போர்ட் கைக்கு வந்தது, முடித்துவிட்டேன் என்றுதான் சொல்லி நகர்ந்தேன். அன்றைக்கு அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். பொம்பள பேரப் பாத்தா யாரு அண்ணி கட்டட வேலை குடுப்பாங்க, நீங்க எப்படியும் வீட்டோடதானே இருக்கப் போறீங்க என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள்.

"அதையும் எழுதணுமா?" என்றேன்.

"எழுது."

திரும்பிப் போய் உட்கார்ந்து அடித்தேன். எத்தனையோ பேருடைய பொய்யையும் உண்மையையும் தப்பில்லாமல் அடித்த விரல்கள், அந்த ஒன்றரை வரிக்குள் நான்கு முறை பிழை செய்தன. அச்செடுத்து சாரிடம் கொண்டுபோனேன். அவர் நிதானமாகப் படித்து, அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இத நீயா சொன்ன?"

"ஆமா சார். நான்தான் சொன்னேன்."

பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.